சைக்ளிக் ஏ.எம்.பி. கட்டுரையில் விடுபட்டுப்போன துணையலகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில், ஹார்மோன்கள் செல்லுக்குள் எப்படிச் செய்தி சேர்க்கின்றன என்பது பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அட்ரினலின் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து பொருந்துவதும், அதன் உட்புறத்தில் இருக்கும் ஜி புரதம் தூண்டப்படுவதும், அடினைலைல் சைக்ளேஸ் என்னும் நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து (ATP) செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. (cAMP) என்னும் சிறு மூலக்கூறை உண்டாக்குவதும் தெளிவாகவும் பிழையின்றியும் சொல்லப்பட்டிருந்தன. தமிழில் உயிர்வேதியியலை இந்த அளவுக்கு எழுதுவது எளிதல்ல என்பதைப் பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளில் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் அறிவேன். ஆனால் அதற்கு அடுத்த படியில், ‘சைக்ளிக் ஏ.எம்.பி. புரத கைனேஸ் ஏ என்னும் நொதியை முடுக்கிவிடுகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, படத்திலும் சைக்ளிக் ஏ.எம்.பி.யிலிருந்து நொதிக்கு நேராக ஓர் அம்புக்குறியைப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அந்த அம்பு போய்ச் சேருமிடம் நொதியின் வேலை செய்யும் பகுதியே அல்ல. அதைப் பிடித்து வைத்திருக்கும் இன்னொரு புரதத்தில்தான் சைக்ளிக் ஏ.எம்.பி. ஒட்டுகிறது. ஒழுங்குபடுத்தும் துணையலகு என்று அழைக்கப்படும் அந்தப் புரதம் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை.

சுருக்கத்துக்காக விட்டிருப்பார்கள் என்று நானும் முதலில் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் அந்த வாரமே போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து என் சித்தப்பா மகள் தொலைபேசியில் அழைத்தாள். சில ஆண்டுகளுக்கு முன் அவளுடைய இதயத்தின் இடது மேலறையிலிருந்து மிக்ஸோமா என்னும் கட்டி அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்டது. இப்போது நலமாக இருக்கிறாள். கட்டுரையின் ஓரத்தில் இருந்த பெட்டிச் செய்தியில், சைக்ளிக் ஏ.எம்.பி. மிகுந்துபோனால் இந்த நொதி ஓயாமல் இயங்கி இதயத்தில் கட்டி வரக்கூடும் என்றும், பதற்றத்தின்போது அட்ரினலின் சுரந்து சைக்ளிக் ஏ.எம்.பி. கூடும் என்றும் அடுத்தடுத்த வரிகளில் இருந்ததை அவள் மகன் படித்துக் காட்டியிருக்கிறான். “அண்ணா, நான் எப்பப் பார்த்தாலும் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தேனே, அதனாலதான் எனக்கு அது வந்துச்சா?” என்று கேட்டாள். இரண்டு சரியான வாக்கியங்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய ஒரு புரதம் விடுபட்டதால் வந்த கேள்வி இது. அவளுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாகத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

புரத கைனேஸ் ஏ என்பது இரண்டு வகைத் துணையலகுகள் சேர்ந்த கூட்டு. வினையூக்கத் துணையலகு இரண்டு, ஒழுங்குபடுத்தும் துணையலகு இரண்டு, ஆக நான்கு. வினையூக்கத் துணையலகுதான் ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களின் மேல் ஏற்றுகிறது. அப்படி ஏற்றப்பட்டதும் அந்தப் புரதங்களின் நடத்தை மாறுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, செல்லில் உருவாகி முதிர்ந்த வினையூக்கத் துணையலகு எப்போதும் வேலைக்குத் தயாராகவே இருக்கிறது என்பதுதான். அதை யாரும் முடுக்க வேண்டியதில்லை. தனியே பிரித்தெடுத்துச் சோதனைக்குழாயில் போட்டால், சைக்ளிக் ஏ.எம்.பி. ஒரு துளியும் இல்லாமலே அது பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டிருக்கும். ஓய்வில் இருக்கும் செல்லில் அது சும்மா இருப்பதற்கு முக்கியக் காரணம், ஒழுங்குபடுத்தும் துணையலகு அதன் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே.

இது தெரியவந்த வரலாறும் அண்மையது அல்ல. ஏர்ல் சதர்லாந்தும் தியோடர் ராலும் கல்லீரல் சாற்றில், கொதிக்கவைத்தாலும் கெடாத ஒரு சிறு மூலக்கூறாகச் சைக்ளிக் ஏ.எம்.பி.யை 1950களின் பிற்பகுதியில் கண்டறிந்தார்கள். சதர்லாந்துக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மூலக்கூறு எதன் மேல் செயல்படுகிறது என்பதற்கு விடையாக, முயலின் எலும்புத்தசையிலிருந்து இந்தக் கைனேஸை டோனல் வால்ஷ், ஜான் பெர்கின்ஸ், எட்வின் கிரெப்ஸ் ஆகியோர் 1968இல் பிரித்தெடுத்தார்கள். 1970வாக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள், சைக்ளிக் ஏ.எம்.பி.யைப் பிடிக்கும் புரதம் வேறு, பாஸ்பேட்டை ஏற்றும் புரதம் வேறு என்று பிரித்துக் காட்டிவிட்டன. அதாவது, தங்கள் கட்டுரையின் படத்தில் உள்ள அம்பு அரை நூற்றாண்டுக்கும் முந்தைய அறிவு நிலையில் நிற்கிறது.

துணையலகு எப்படி வாயை அடைக்கிறது என்பதை அருகில் போய்ப் பார்த்தால் இயற்கையின் சாமர்த்தியம் புரியும். இந்தக் கைனேஸ் கண்ணில் பட்ட புரதத்தின் மேலெல்லாம் பாஸ்பேட்டை ஏற்றுவதில்லை. அடுத்தடுத்து இரண்டு ஆர்ஜினின், பிறகு ஏதேனும் ஓர் அமினோ அமிலம், அதன் பிறகு ஒரு செரின் அல்லது திரியோனின் என்ற வரிசையைத்தான் அது பெரும்பாலும் தேடுகிறது. அந்தச் செரினின் ஹைட்ராக்சில் தொகுதியில்தான் பாஸ்பேட் ஏறும். ஒழுங்குபடுத்தும் துணையலகின் உடலில், வளைந்து கொடுக்கும் ஒரு பகுதியில், இதே வரிசை அப்படியே இருக்கிறது. ஆனால் முதல் வகைத் துணையலகில், செரின் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் இருக்கிறது. அலனினில் ஹைட்ராக்சில் கிடையாது. ஆகவே நொதி, இரை கிடைத்ததென்று நினைத்து அந்தப் பகுதியைத் தன் பிளவுக்குள் இழுத்துக்கொள்கிறது. பாஸ்பேட்டை ஏற்றவும் முடியாமல், விடவும் முடியாமல் அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டாம் வகைத் துணையலகில் உண்மையான செரினே இருக்கிறது. அதில் பாஸ்பேட் ஏறினாலும் அது உடனே விலகிவிடாமல் பிளவிலேயே தங்கிவிடுகிறது. வழி வேறு, பலன் ஒன்று.

ஒவ்வோர் ஒழுங்குபடுத்தும் துணையலகின் பின்பகுதியிலும் சைக்ளிக் ஏ.எம்.பி. பொருந்துவதற்கு இரண்டு குழிகள் உள்ளன. நான்கு துணையலகுகள் கொண்ட முழுக் கூட்டுக்கு ஆக மொத்தம் நான்கு மூலக்கூறுகள் வேண்டும். அவை ஒரே நேரத்தில் போய் விழுவதும் இல்லை. ‘பி’ எனப்படும் குழியில் முதலில் ஒன்று பொருந்துகிறது. அதனால் ஏற்படும் வடிவ மாற்றத்தில்தான், அதுவரை மறைந்திருந்த ‘ஏ’ குழி திறந்து இரண்டாவதை ஏற்கிறது. இரண்டும் நிறைந்த பிறகே துணையலகின் பிடி தளர்கிறது. ஒன்று ஏறினால் அடுத்தது ஏறுவது எளிதாகும் இந்த ஏற்பாட்டினால், சைக்ளிக் ஏ.எம்.பி.யின் அளவு சிறிது ஏறி இறங்குவதற்கெல்லாம் நொதி அவிழ்ந்துவிடாமல், குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது மட்டும் விரைவாக அவிழ்கிறது. இந்தக் குழிகளின் அமைப்பு ஏதோ மனிதனுக்கென்று புதிதாக வந்ததும் அல்ல, ஈ.கோலை பாக்டீரியாவில் சைக்ளிக் ஏ.எம்.பி.யைப் பிடித்து மரபணுக்களை இயக்கும் புரதத்திலும் இதே மடிப்பு காணப்படுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சூசன் டெய்லரின் ஆய்வுக்குழு, வினையூக்கத் துணையலகின் முப்பரிமாண வடிவத்தை 1991இலும், ஒழுங்குபடுத்தும் துணையலகின் வடிவத்தை 1995இலும், இரண்டும் கைகோத்திருக்கும் நிலையை 2005இலும் படம்பிடித்துக் காட்டியது. நான் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அந்தப் படங்களைப் பார்த்து யாரும் சரிபார்த்துக்கொள்ளக் கூடியதே.

2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்தபோது தண்ணீர் வெளியேறியதைக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அன்று மதகைத் திறக்க யாரும் உத்தரவிடவில்லை. அணைக்கு வழக்கத்துக்கு மாறாக வெள்ளம் வந்ததால்தான் தண்ணீர் போனது என்றும் சொல்ல முடியாது. தடுத்து நின்ற பலகை போனது, தண்ணீர் தன் இயல்பில் போனது. புரத கைனேஸ் ஏ தொடர்பான நோய்களில் ஒரு பகுதியை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கார்னி கூட்டுநோய் என்பது அப்படி ஒன்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த நோய்க்குறியியலாளர் எய்டன் கார்னி 1985இல் இதை விவரித்தார். இதயத்தில் மிக்ஸோமா, உதட்டிலும் கண்ணிமையிலும் சிறுசிறு கரும்புள்ளிகள், அட்ரினல் சுரப்பியில் முடிச்சுகள், அதனால் கார்ட்டிசால் மிகுந்து வரும் குஷிங் நிலை ஆகியவை ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதை அவர் கவனித்தார். ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இவற்றுக்குப் பொதுக் காரணம், 17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு என்று 2000ஆம் ஆண்டில் தெரிந்தது. அது முதல் வகை ஒழுங்குபடுத்தும் துணையலகின் ஆல்ஃபா வடிவத்துக்கான மரபணு. இந்த நோயாளிகளில் பலருக்கு அந்த மரபணுவின் ஒரு பிரதியில் பாதியிலேயே நிறுத்தச் சொல்லும் பிழை இருக்கிறது. செல் அந்தப் பிழையான ஆர்.என்.ஏ.வை அழித்துவிடுவதால் துணையலகு பாதி அளவுதான் உருவாகிறது. கட்டியாக மாறும் செல்லில் பல நேரங்களில் மீதிப் பிரதியும் போய்விடுகிறது. பிடித்து வைக்க ஆளில்லாத வினையூக்கத் துணையலகு, எந்த ஹார்மோனும் கேட்காமலே வேலை செய்துகொண்டிருக்கிறது. இங்கே சைக்ளிக் ஏ.எம்.பி. மிகவில்லை, அட்ரினலின் மிகவில்லை, மனக்கவலைக்கு இதில் இடமே இல்லை.

இதற்கு நேர் எதிரான நோயும் அதே மரபணுவில் இருக்கிறது என்பதுதான் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி. விரல்கள் குட்டையாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும் அக்ரோடிஸ்ஆஸ்டோசிஸ் என்னும் அரிய நிலையுள்ள சிலரிடம், இந்தத் துணையலகின் 381 அமினோ அமிலங்களில் கடைசி 14 இல்லாமல் போயிருப்பது 2011இல் வெளியிடப்பட்டது. அந்தக் கடைசிப் பகுதி சைக்ளிக் ஏ.எம்.பி.யின் ‘பி’ குழியைச் சேர்ந்தது. குழி கெட்டதால் துணையலகு செய்தியைக் கேட்பதில்லை. வினையூக்கத் துணையலகை விடுவதும் இல்லை. உடலில் பாராதைராய்டு ஹார்மோனும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனும் போதிய அளவு சுரந்தும் செல்கள் அவற்றுக்குச் சரியாக இணங்குவதில்லை. ஒரே புரதம் இல்லாமல் போனால் ஒரு நோய், பிடியை விடாமல் இருந்தால் இன்னொரு நோய். சைக்ளிக் ஏ.எம்.பி.யிலிருந்து நொதிக்கு நேரே அம்பு வரைந்த படத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் ஒன்றைக்கூட ஒருவரால் விளக்க முடியாது.

மூன்றாவது சான்று வினையூக்கத் துணையலகின் பக்கமிருந்து வந்தது. குஷிங் நிலையை உண்டாக்கும் அட்ரினல் கட்டிகளில் கணிசமானவற்றில், வினையூக்கத் துணையலகின் 206ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஆர்ஜினின் இருப்பதை 2014இல் பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அந்த 206ஆம் இடம் ஒழுங்குபடுத்தும் துணையலகு வந்து ஒட்டும் பரப்பில் இருக்கிறது. துணையலகு நல்லபடியாக இருந்தும் பிடிப்பதற்குப் பிடிமானம் இல்லை; விளைவு, துணையலகே இல்லாதது போலத்தான்.

என் தங்கைக்கு நான் சொன்னது இதைத்தான்: இதய மிக்ஸோமாக்களில் மிகப் பெரும்பாலானவை பரம்பரைத் தொடர்பின்றித் தனியாக வருபவை, கார்னி கூட்டுநோயில் வருபவை சிறு பங்கு மட்டுமே. குடும்பத்தில் இன்னொருவருக்கு இதயக் கட்டி, இளவயதிலேயே வந்த கட்டி, திரும்பத் திரும்ப வரும் கட்டி, சொல்லப்பட்ட கரும்புள்ளிகள் ஆகியவை இருந்தால் அதைச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கார்னி கூட்டுநோய் உறுதியானவர்களுக்கு ஆண்டுதோறும் எக்கோ பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. எப்படிப் பார்த்தாலும் கவலைப்பட்டதால் கட்டி வந்தது என்பதற்கு இந்த அறிவியலில் ஆதாரம் இல்லை. பெட்டிச் செய்தியை எழுதியவருக்கு அப்படிச் சொல்லும் எண்ணம் இருந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் படிப்பவர் இரண்டு வரிகளையும் சேர்த்துத்தானே படிப்பார்?

ஒழுங்குபடுத்தும் துணையலகுக்கு அடைத்து வைப்பது மட்டுமே வேலை என்று எண்ணிவிடவும் கூடாது. தங்கள் கட்டுரை எழுப்பாமல் விட்ட ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. கல்லீரலில் இதே கைனேஸ் கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்க வைக்கிறது; கொழுப்புத் திசுவில் கொழுப்பைக் கரைக்க வைக்கிறது; இதயத் தசையை வேகமாகவும் வலுவாகவும் சுருங்க வைக்கிறது; மூச்சுக்குழாய்த் தசையையோ தளர வைக்கிறது. ஆஸ்துமா நோயாளி உறிஞ்சும் சால்பியூட்டமால் சைக்ளிக் ஏ.எம்.பி. வழியாகத்தான் மூச்சுக்குழாயை விரிக்கிறது. கொஞ்சம் அதிகமானால் படபடப்பு வருவதற்கும் அதே வழிதான் பெரிதும் காரணம். ஒரே மூலக்கூறு, ஒரே நொதி, இடத்துக்கு இடம் வேறு வேலை எப்படி?

ஒவ்வொரு செல்லிலும் இலக்குப் புரதங்கள் வேறு என்பது விடையின் ஒரு பகுதி. மறுபகுதி துணையலகின் முன்முனையில் இருக்கிறது. இரண்டு ஒழுங்குபடுத்தும் துணையலகுகள் அந்த முனையில் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. பிணைந்த இடத்தில் ஏற்படும் பள்ளத்தில், நங்கூரப் புரதங்கள் எனப்படும் ஒரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் வந்து பொருந்துகின்றன. இந்த நங்கூரங்களுள் சில செல்சவ்வின் கால்சியம் வாயிலை ஒட்டியும், சில மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்விலும், சில செல்லின் எலும்புக்கூட்டிலும் இருக்கின்றன. ஆக, இந்தக் கைனேஸ் செல்லுக்குள் எங்கே நிறுத்தப்பட வேண்டும், அது அவிழும்போது பக்கத்தில் எந்தப் புரதம் இருக்க வேண்டும் என்பதையும் ஒழுங்குபடுத்தும் துணையலகே பெருமளவு தீர்மானிக்கிறது. அவிழ்ந்த வினையூக்கத் துணையலகு உண்மையில் வெகுதூரம் போகிறதா, அல்லது நங்கூரத்தின் அருகிலேயே நின்று வேலை செய்கிறதா என்பதில் 2017க்குப் பிறகும் ஆய்வாளர்களிடையே விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பள்ளிப் படங்களில் அது சுதந்திரமாக மிதந்து போவதாகக் காட்டுவதைச் சற்று எச்சரிக்கையோடு பார்ப்பது நல்லது.

மனிதனிடம் இந்தத் துணையலகுக்கு நான்கு மரபணுக்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே வேலையைச் செய்கின்றன என்றால் நான்கு எதற்கு? எலியில் செய்த சோதனைகள் விடை சொல்கின்றன. முதல் வகையின் ஆல்ஃபா வடிவத்தை முற்றிலும் நீக்கினால் கரு பிழைப்பதில்லை. கொழுப்புத் திசுவில் மிகுந்திருக்கும் இரண்டாம் வகையின் பீட்டா வடிவத்தை நீக்கினால் எலி பிழைக்கிறது. ஆனால் ஒல்லியாக இருக்கிறது, கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தாலும் எளிதில் பருப்பதில்லை. 1996இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பீட்டா இல்லாத இடத்தை நிரப்ப ஆல்ஃபா வடிவம் அதே திசுவில் பெருகிவிடுகிறது. அதற்குச் சைக்ளிக் ஏ.எம்.பி. குறைவாக இருந்தாலே போதும், பிடியை விட்டுவிடும். எனவே கொழுப்புத் திசுவில் நொதி அடிக்கடி அவிழ்ந்து சக்தியைக் கரைக்கிறது. எடை குறைக்கும் மருந்து என்று இதை யாரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டாம். எலியின் மரபணுவை நீக்கிப் பார்த்த சோதனை அது.

நினைவாற்றல் பற்றிய ஆய்விலும் இந்தத் துணையலகு வருகிறது. எரிக் காண்டலுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுகள் அப்ளைசியா என்னும் கடல் நத்தையில் நடந்தவை. அதன் உடலில் மீண்டும் மீண்டும் தூண்டல் கொடுத்து நீடித்த நினைவு உண்டாக்கும்போது, உணர்வு நரம்புச் செல்களில் ஒழுங்குபடுத்தும் துணையலகின் அளவு குறைந்துவிடுவதும், செல்லே அதைத் திட்டமிட்டுச் சிதைப்பதும் கண்டறியப்பட்டன. சைக்ளிக் ஏ.எம்.பி. பழைய அளவுக்குத் திரும்பிய பிறகும் கைனேஸ் சில காலம் வேலை செய்துகொண்டே இருப்பதற்கு அதுவே வழி. கார்னி கூட்டுநோயில் தற்செயலாக, தீங்காக நிகழும் அதே இழப்பு, இங்கே அளவோடு, ஒரு பயனுக்காக நிகழ்த்தப்படுகிறது.

கட்டுரையில் காலரா பற்றிச் சொல்லியிருந்த பத்தி சரியானது. அதில் ஒன்றை மட்டும் சேர்க்கலாம். கல்கத்தாவில் சம்புநாத் தே 1959இல் காலராக் கிருமியின் நச்சை முயலின் குடலில் நிறுவிக் காட்டினார். அந்த நச்சு ஜி புரதத்தின் ஆல்ஃபா துணையலகை அணையவிடாமல் செய்கிறது, சைக்ளிக் ஏ.எம்.பி. குவிகிறது; ஒழுங்குபடுத்தும் துணையலகுகள் பிடியை விட்டபடியே இருக்கின்றன; குளோரைடு வாயில் திறந்து உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. இங்கே துணையலகில் குறை எதுவும் இல்லை. அதன் மேல் விழும் செய்திதான் ஓயவில்லை. குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சும் வேறொரு வாயில் இந்தக் குழப்பத்தில் கெடாமல் இருப்பதால்தான், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் உயிர்காக்கிறது. ஆனால் அதே பகுதியில், தேநீர் சுறுசுறுப்பூட்டுவதற்குக் காரணம் காஃபீன் சைக்ளிக் ஏ.எம்.பி.யின் சிதைவைத் தடுப்பதே என்றிருப்பதை ஏற்க முடியவில்லை. நாம் குடிக்கும் அளவில் காஃபீன் முக்கியமாக அடினோசின் ஏற்பிகளையே மறிக்கிறது. சிதைவைத் தடுக்க அதைவிட மிகுந்த அளவு வேண்டும்.

இந்த ஒரு நொதிக்கு மட்டும் உரிய விதிவிலக்காக இதை எழுதவில்லை. இன்சுலின் செய்தியைக் கடத்தும் பி.ஐ.-3 கைனேஸிலும் பி85 என்னும் ஒழுங்குபடுத்தும் துணையலகு, வினையூக்கத் துணையலகைச் சிதையாமல் தாங்கவும் செய்கிறது, ஓய்வு நிலையில் அடக்கியும் வைக்கிறது. இன்சுலின் ஏற்பி தூண்டப்பட்டதும் பி85தான் போய் உரிய இடத்தில் ஒட்டி, அடக்குதலைத் தளர்த்துகிறது. பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகளுக்கு எதிராக அதை இறக்கும் பி.பி.2ஏ என்னும் நொதியிலும், எந்தப் புரதத்திலிருந்து இறக்குவது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அதன் ஒழுங்குபடுத்தும் துணையலகே. சர்க்கரை நோய் பற்றித் தங்கள் இணைப்பில் வாரம் ஒருமுறையேனும் எழுதுகிறீர்கள். அங்கும் இந்தத் துணையலகுகளுக்கு இடம் உண்டு.

மாணவர்களைப் பற்றியும் ஒரு சொல். பிளஸ் ஒன் வகுப்பில் ஹார்மோன் செயல்படும் விதத்தை நடத்தும்போது, இரண்டாம் தூதுவர் என்று சைக்ளிக் ஏ.எம்.பி.யை எழுதி, அதிலிருந்து அம்பு போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வழக்கம். தேர்வுக்கும் அது போதும். பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீட்டிலிருந்து வந்த ஒரு மாணவி, “ஹார்மோன் வந்து போனதுக்கு அப்புறம் அந்த நொதிய யார் சார் நிறுத்துவாங்க?” என்று கேட்டாள். பாஸ்போடைஎஸ்டரேஸ் என்னும் இன்னொரு நொதி சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைத்துவிடும் என்பது பாதி விடை. “தூதுவர் போயிட்டாரு, சரி. நொதி ஏன் சார் நிக்கணும்?” என்று அவள் விடவில்லை. குழிகள் காலியானதும் ஒழுங்குபடுத்தும் துணையலகு பழைய வடிவத்துக்குத் திரும்பி வினையூக்கத் துணையலகை மறுபடி பிடித்துக்கொள்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்த பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். நேர் அம்புப் படத்தை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. நீட் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் தங்கள் இணைப்பை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் இதை வற்புறுத்துகிறேன்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, அந்தப் படத்தைத் திருத்தி, வினையூக்கத் துணையலகு இரண்டும் ஒழுங்குபடுத்தும் துணையலகு இரண்டும் சேர்ந்திருக்கும் நிலையையும், நான்கு சைக்ளிக் ஏ.எம்.பி. மூலக்கூறுகள் பொருந்திய பின் அவை அவிழும் நிலையையும் அருகருகே காட்டி, அடுத்த இணைப்பில் வெளியிட வேண்டும். படம் வரைபவருக்கு உதவியாக இருக்கட்டுமென்று, நான் வகுப்பில் பயன்படுத்திய வரைபடத்தை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு, இதய மிக்ஸோமா பற்றிய பெட்டிச் செய்திக்கு, அது கவலையாலோ அட்ரினலினாலோ வருவதல்ல என்றும், பரம்பரையாக வரும் சிறு பங்கிலும் கோளாறு பெரும்பாலும் ஒழுங்குபடுத்தும் துணையலகின் மரபணுவில்தான் இருக்கிறது என்றும், பெட்டிச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் விளக்கம் தர வேண்டும். மருத்துவத் தகவல் என்பதால் வெளியிடும் முன், தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. என் கடிதத்தில் உள்ளவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள வாசகர்,
முதுகலை விலங்கியல் ஆசிரியர் (பணி நிறைவு),
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.